மறு: சேவ்டு ஸ்டேட் – 'சேமித்த நிலை' போதுமா?

வணக்கம். செயலி எழுதுகிறவர்களுக்கான நம் கலைச்சொல் பட்டியலில் சேவ்டு ஸ்டேட் என்பதற்கு (பயனர் விலகும்போது திரை எப்படி இருந்தது என்று செயலி கொடுத்துவைக்கும் தகவல்) என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்குப் பதில் இது.

> சேவ்டு ஸ்டேட்டுக்குச் 'சேமித்த நிலை' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 'சேமித்த நிலை' இலக்கணப்படி சரி. படித்தவுடன் புரியவும் செய்கிறது. ஆனால் புரிவது வேறு ஏதோ.

'சேமி' என்றதும் மனம் பத்திரமான ஓரிடத்துக்குப் போகிறது. கோப்பைச் சேமித்தால் போனை அணைத்துப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். இங்கே நடப்பது அதுவல்ல. பயனர் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருக்கிறார், அழைப்பு வருகிறது, செயலி பின்னால் போய்விடுகிறது. நினைவகம் போதவில்லை என்றால், பின்னால் கிடப்பதன் புராசஸையே (ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே) ஆண்ட்ராய்டு நிறுத்திவிடும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். நிறுத்தும் நேரத்தில் நம் நிரலுக்கு எந்த அழைப்பும் வராது. அதனால்தான் செயலி, விலகும்போதே ஒரு சிறு கட்டை இயங்குதளத்தின் கையில் கொடுத்துவைக்கிறது: இந்தத் திரையில் இருந்தார், பட்டியலில் இத்தனையாவது வரிவரை வந்திருந்தார், பெட்டியில் இவ்வளவு எழுதியிருந்தார். அவர் திரும்பி வரும்போது பழைய ஆக்டிவிட்டி (ஆண்ட்ராய்டில் செயலியின் திரையைத் தாங்கும் கூறு) இருக்காது. புதிதாக ஒன்று பிறக்கிறது, பிறக்கும்போதே, அதன் தொடக்க அழைப்பான ஆன்கிரியேட்டில் அந்தக் கட்டு வந்து சேர்கிறது. முதல் முறை திறப்பவருக்குக் கட்டு கிடையாது, வெறுமைதான்.

சரி, அதே பயனர் அண்மைச் செயலிகள் பட்டியலுக்குப் போய் நம் செயலியை விரலால் தள்ளிவிட்டால்? கட்டும் போயிற்று. ஐஓஎஸ்ஸிலும் இதே கதைதான். நிலையைக் காத்து மீட்டுத் தரும் ஏற்பாடு அங்கே 2012இல் ஐஓஎஸ் 6 உடன் வந்தது. பயனரே செயலியை வலிந்து மூடினால், காத்து வைத்ததை அங்கும் எறிந்துவிடுகிறார்கள். இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. 'முடித்துவிட்டேன்' என்று அவர் சொன்ன பிறகு பழைய பாதிப் படிவத்தை மறுபடி நீட்டக்கூடாது என்பது எண்ணம்.

இந்த வேறுபாட்டை விளக்க நமக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் 'போகிறேன்' என்பதில்லை, 'போய் வருகிறேன்' என்கிறோம். முகப்புப் பொத்தானை அழுத்துவதும், அழைப்பு வந்து விலகுவதும், வேறு செயலிக்குத் தாவுவதும் 'போய் வருகிறேன்'. பட்டியலில் இருந்து தள்ளிவிடுவது 'போகிறேன்'. பின்செல் பொத்தானும் நெடுங்காலம் 'போகிறேன்' பக்கம்தான் இருந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல், செயலியின் முதல் திரையில் அதை அழுத்தினால் ஆக்டிவிட்டி முடிவதில்லை, பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது. அதாவது அந்த ஒரு பொத்தானின் பேச்சு மட்டும் மாறிவிட்டது! இந்தக் கட்டு 'போய் வருகிறேன்' என்றவருக்கு மட்டும் உரியது. 'சேமித்த நிலை' என்ற பெயரில் அந்த நிபந்தனை எங்கேயும் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் அளவு. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பேட்டுச் செயலி எழுதினேன். 'நிலையைச் சேமி' என்றுதானே சொல்கிறார்கள் என்று, திரையில் தெரிந்த பட்டியல் முழுவதையும், ஒவ்வொரு குறிப்பின் உரையோடும், அந்தக் கட்டுக்குள் திணித்தேன். என் போனில் இருபது குறிப்புகள்தான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. நிறைய எழுதுகிறவர்களுக்கோ செயலி நொறுங்கியது. விசித்திரம் என்னவென்றால், பயன்படுத்தும்போது நொறுங்கவில்லை, வெளியே போகும்போது நொறுங்கியது. 'முகப்புக்குப் போனாலே நின்றுவிட்டது என்று வருகிறது' என்ற புகாரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிது. அந்தக் கட்டு, புராசஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியான பைண்டர் மூலம் இயங்குதளத்துக்குப் போகிறது. பைண்டரின் இடையகம் ஒரு புராசஸுக்கு ஏறத்தாழ 1 எம்பி, அதையும் அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. முன்பெல்லாம் அளவு மீறினால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் செயலியையே நிறுத்திவிடுகிறது. அங்கே வைக்க வேண்டியது குறிப்பின் எண்ணும் உருட்டிய இடமும் மட்டும்தான். உரை தரவுதளத்தில் இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

தப்பு முழுக்க என்னுடையதுதான், சொல்லின் மேல் பழி போடவில்லை. ஆனாலும் தமிழில் இதைக் கற்க வருகிற ஒருவருக்கு, பெயரிலேயே 'சிறியது, தற்காலிகமானது' என்ற ஒலி இருந்தால் நல்லதுதானே?

இனி, வந்த பரிந்துரைகள்.

> விட்டகுறை என்று வைக்கலாமே! :)

சிரிப்புக்குறியோடு எழுதியிருந்தார், ஆனால் நான் சிரிக்கவில்லை. விட்டகுறை தொட்டகுறை என்பது போன பிறவியில் பாதியில் நின்றது இந்தப் பிறவியில் தொடர்வது. ஆக்டிவிட்டி கலைந்து, இன்னொன்றாகப் பிறந்து, முந்தைய பிறவியின் மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. வகுப்பில் விளக்க இதையே பயன்படுத்துவேன். கலைச்சொல்லாக வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் 'குறை'. பிழை அறிக்கையில் 'விட்டகுறையில் குறை' என்று எழுத நேர்ந்தால் அப்புறம் யாருக்கும் எதுவும் புரியாது.

> விடுநிலை – வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

அழகான சொல். விட்ட நிலை, விடுகிற நிலை, விடும் நிலை, மூன்றும் அதற்குள் அடங்கும். ஆனால் விடுப்பு, விடுதலை, விடுமுறை என்று 'விடு' வரும் சொற்களின் வாசம் அதில் ஏறிவிடுகிறது. மென்பொருளில் ரிலீஸுக்கே சிலர் 'வெளியீடு' என்பதோடு 'விடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். விடுநிலை என்றால் பதிப்பு வெளியிடத் தயாரான கட்டம் என்று படிக்க இடமுண்டு.

என் பரிந்துரை நிலைக்குறிப்பு. கட்டுக்குள் இருப்பது நிலை அல்ல, நிலையைப் பற்றிய குறிப்பு. திரையில் தெரிந்த எல்லாமும் அதில் இல்லை, அதை வைத்துத் திரையை மறுபடி கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குறிப்பு என்றால் சுருக்கமாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரும் குறிப்பை 'சேமிப்பு' என்று நம்பி ஏமாற மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி. ஆண்ட்ராய்டுக்கு மட்டுமல்ல, ஐஓஎஸ்ஸுக்கும் ஃபிளட்டர் என்ற செயலிக் கட்டமைப்புக்கும் இதே சொல் செல்லும், ஏனென்றால் எல்லா இடத்திலும் செய்வது ஒன்றுதான்.

இதற்கு வரப்போகும் மறுப்பு எனக்கே தெரியும்: நிலைத்தகவல் என்ற சொல் சமூக ஊடக ஸ்டேட்டஸுக்குப் புழங்குகிறது, நிலைக்குறிப்பும் அதே மாதிரி ஒலிக்கிறதே என்பீர்கள். உண்மை. இதில் குற்றவாளி 'நிலை'தான். ஸ்டேட், ஸ்டேட்டஸ், லெவல், ஸ்டேஜ், பொசிஷன் என்று யார் வந்தாலும் 'நிலை' என்று ஒரே சட்டையை மாட்டிவிடுகிறோம். எந்திர மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்டேட்டை 'மாநிலம்' ஆக்கிவிடும். 'மாநிலத்தை மீட்டெடுக்க முடியவில்லை' என்று ஒரு பிழைச் செய்தி வந்தால் படிப்பவர் பதறிப்போவார். ஸ்டேட்டுக்கு மட்டும் 'நிலை' என்று ஒதுக்கி, லெவலை 'மட்டம்', ஸ்டேஜை 'கட்டம்', பொசிஷனை 'இடம்' என்று பிரித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஸ்டேட்டஸுக்கு என்னிடம் நல்ல சொல் இல்லை.

பண்டில் (அந்தக் கட்டின் ஆண்ட்ராய்டுப் பெயர்) என்பதற்கு 'மூட்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார். மூட்டை வேண்டாம், முடிச்சு என்போம். 'மூட்டை முடிச்சு' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதில் சின்னது முடிச்சு. நான் பட்டபாடே முடிச்சை மூட்டையாக்கியதால்தான். அவிழ் என்ற வினையும் கூடவே கிடைக்கிறது: முடிச்சை அவிழ்த்து நிலைக்குறிப்பைப் படி. கட்டுவதற்கு மட்டும் 'முடி' என்ற வினையைத் தவிர்க்கலாம், ஆக்டிவிட்டியை முடிக்கும் ஃபினிஷுக்கும் அதுவே வந்து நிற்கும்.

ரெஸ்டோருக்கு 'மீட்டமை' என்று பட்டியலில் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பல தமிழ் இடைமுகங்களில் ரீசெட்டுக்கும் அதுதான் நிற்கிறது. ஒன்று விட்ட இடத்துக்குக் கொண்டுபோகும், மற்றது எல்லாவற்றையும் துடைத்துவிடும். எதிரெதிர் வேலைக்கு ஒரே பொத்தானா? நிலைமீட்பு, மீட்டெடு என்று வைத்துக்கொண்டு, 'மீட்டமை'யை ரீசெட்டுக்கே விட்டுவிடலாம்.

மற்றவை வேகமாக. பேக் ஸ்டேக்குக்கு (கடந்து வந்த திரைகளின் அடுக்கு) 'பின்னடுக்கு' சரி, ஆனால் 'வந்தவழி' என்றாலே போதும், வந்த வழியே திரும்புவதற்குத்தான் அது இருக்கிறது. டெஸ்ட்ராய் 'அழிப்பு' வேண்டாம், பயனர் தன் தரவு போய்விட்டது என்று நினைப்பார். 'கலைப்பு' போதும், கூட்டம் கலைவது போல. ஐஓஎஸ்ஸின் சஸ்பெண்டட் என்பதற்கு அகராதியில் உள்ள 'இடைநீக்கம்' விசாரணைக் குழு முன் நிறுத்தியது போல ஒலிக்கிறது. நினைவகத்தில் அப்படியே இருக்கிறது, நிரல் மட்டும் ஓடவில்லை, ஆகவே 'உறைவு'.

வியூமாடலை (திரைக்கான தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டுக் கூறு) இதோடு குழப்ப வேண்டாம். போனைத் திருப்பினாலோ மொழியை மாற்றினாலோ ஆக்டிவிட்டி கலைந்து மறுபடி பிறக்கும்போது வியூமாடல் பிழைத்துக்கொள்ளும். புராசஸே போனால் அதுவும் போய்விடும். அது நினைவு, இது குறிப்பு, தரவுதளம் சேமிப்பு. மூன்றுக்கும் மூன்று சொல். 'சேமி'யைத் தரவுதளத்துக்கும் கோப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் இந்த வரிசை தானாகவே நிற்கும்.

சொற்களை ஓட்டிப் பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

'பயனர் விலகும்போது நிலைக்குறிப்பை முடிச்சில் வைக்கவும். ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கான அழைப்பு, திரை மறைந்ததும் வரும் ஆன்ஸ்டாப்புக்குப் பிறகு வரும், முந்தைய பதிப்புகளில் ஆன்ஸ்டாப்புக்கு முன்பே வரும். ஐடி கொடுக்கப்பட்ட எழுத்துப் பெட்டிகள் தம் நிலைக்குறிப்பைத் தாமே எழுதிக்கொள்ளும். ஐடி இல்லாத பெட்டியில் எழுதியது திரும்பாது. நிலைமீட்பைச் சோதிக்க, உருவாக்குநர் அமைப்புகளில் டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் என்பதை இயக்கவும். இது ஆக்டிவிட்டியைக் கலைக்குமே தவிர, புராசஸை நிறுத்தாது.'

எனக்கு உறுத்தியது ஓரிடம்தான்: ஆக்டிவிட்டி. 'செயல்பாடு' என்று போட்டால் ஃபங்ஷனோடு மோதுகிறது, 'திரை' என்று போட்டால் ஒரே ஆக்டிவிட்டிக்குள் பத்துத் திரை வைக்கும் இன்றைய வழக்கத்தோடு மோதுகிறது. அதனால் அப்படியே விட்டேன். 'அரங்கு' என்று ஒரு யோசனை இருக்கிறது, அரங்கில் காட்சிகள் மாறும் என்பதால். ஐஓஎஸ்ஸின் சீனோடு (அங்கே செயலியின் ஒரு சாளரத்தைக் குறிக்கும் சொல்) அது இடிக்குமா என்று அந்தப் பக்கம் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.