அபெரிஸ்ட்வித் ஓல்ட் காலேஜ் யாருடையது?

கல்தச்சன்: "வேல்ஸில் அபெரிஸ்ட்வித் கடற்கரையில் நிற்கும் ஓல்ட் காலேஜ் என்ற பழைய கல்லூரிக் கட்டடம், கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் கட்டியது" என்று அலைகடல் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அது இன்னொரு கட்டடக் கலைஞரான ஜே.பி. செடனின் கட்டடம். ரயில் பாதை போட்ட தாமஸ் சேவின், 1860-களில் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி ஹோட்டலாகக் கட்டச் சொன்னது. அவர் திவாலானதும் 1867-இல் 10,000 பவுண்டுக்குக் கல்லூரிக்காக வாங்கினார்கள். 1872-இல் வகுப்புகள் தொடங்கின. இதில் நாஷ் எங்கே வந்தார்?

அலைகடல்: 1790-களில் நிலக்கிழார் யூவ்டேல் பிரைஸுக்காக நாஷ் கட்டிய முக்கோண வீட்டை மறந்துவிட்டீர்களா? கேஸில் ஹவுஸ். செடன் அதை ஒட்டித்தான் ஹோட்டலை வளர்த்தார். முதலில் கட்டியவருக்கே உரிமை.

கல்தச்சன்: அந்த முக்கோண வீடு இன்று இருக்கிறதா? இடித்தாயிற்று. இல்லாத வீட்டைக் காட்டி, இருக்கும் கட்டடத்துக்கு உரிமை கேட்கிறீர்கள்.

பழங்கோட்டை: இதை விடுங்கள். 1865-இல் அங்கே பியர், அதாவது கடலுக்குள் நீளும் நடைமேடை, அமைத்த யூஜீனியஸ் பர்ச்சைப் பற்றி யாரும் பேசவே இல்லையே?

கல்தச்சன்: பர்ச் பொறியாளர். இங்கே கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

பழங்கோட்டை: ஓஹோ, பொறியாளர் என்றால் அவ்வளவு இளக்காரமா? நாஷ் மாற்றிக் கட்டிய பிரைட்டன் அரண்மனை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

அலைகடல்: அங்கேயும் நாஷ்தான் ஜெயித்தார். லண்டனில் திவாலாகி, வேல்ஸுக்கு வந்து எழுந்து நின்ற மனிதர் அவர். முக்கோண வீடு அந்தக் காலத்தது. அதன் அருமை உங்களுக்குத் தெரியாது.

கல்தச்சன்: மறுபடியும் முக்கோணம்! 1885-இல் தீப்பிடித்து எரிந்த கல்லூரியைத் திரும்பக் கட்ட யாரை அழைத்தார்கள்? செடனைத்தான். தெற்குக் கோபுரத்தின் மொசைக் ஓவியத்தைப் பாருங்கள். ஆர்க்கிமிடீஸ் உட்கார்ந்திருக்க, இருபக்கமும் ரயிலையும் கப்பலையும் ஏந்தி வருகிறார்கள். வரைந்த வாய்சி, செடனிடம் தொழில் பழகியவர். குருவும் சீடனும் அந்தச் சுவரிலேயே இருக்கிறார்கள். நாஷுக்கு அங்கே ஒரு ஜன்னலாவது உண்டா?

அலைகடல்: பிரைஸ் நாஷை அழைக்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் செடனுக்கு வேலையே இருந்திருக்காது.

பழங்கோட்டை: பியருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்தச்சன்: அலைகடல், ஒரு ஜன்னல் கேட்டேன். காட்டுங்கள்.