சாப்பிங், நாடிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

நாகர்கோவிலிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். அகச்சிவப்பு வானியல் கையேட்டில் சாப்பிங் (chopping), நாடிங் (nodding) என்ற இரண்டு நோக்குமுறைகளின் பெயர்களும் இன்னும் ஆங்கில ஒலியிலேயே நிற்கின்றன. ‘வெட்டல்’, ‘தலையாட்டல்’ என்று போட்டால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது.

10 மைக்ரான் அலைநீளத்தில் வளிமண்டலமும் தொலைநோக்கியும் தம் வெப்பத்தால் தாமே ஒளிரும். மங்கலான விண்மீனின் ஒளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது; நண்பகலில் முட்டம் கலங்கரை விளக்கின் வெளிச்சத்தைத் தேடுவது போல. வானத்தின் ஒளிர்வோ நொடிக்கு நொடி மாறும். அதனால் துணையாடியை (தொலைநோக்கியின் இரண்டாவது, சிறிய ஆடியை) நொடிக்குச் சில தடவை சாய்த்து, விண்மீனையும் பக்கத்து வெற்று வானத்தையும் மாறிமாறிப் பதிந்து கழிக்கிறார்கள். இது சாப்பிங். ஆடி சாயும்போது ஒளிப்பாதை சற்று விலகுவதால் தொலைநோக்கியின் சொந்த வெப்பம் கொஞ்சம் மிஞ்சும். அதைப் போக்க, அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை தொலைநோக்கியையே நகர்த்தி மறுபடி கழிப்பது நாடிங்.

‘ஆடியசைவு’, ‘குழலசைவு’ சரிவருமா?

தக்கலையிலிருந்து:
சார், குழல் வேண்டாம். பெரிய தொலைநோக்கிகள் திறந்த சட்டகம்தான், குழலே கிடையாது. ஆடியசைவும் இடிக்கிறது. காற்றுக் கொந்தளிப்பால் படம் துள்ளுவதைத் திருத்தவும் ஆடியைச் சாய்க்கிறார்கள், இரண்டும் குழம்பும். இரண்டிலும் மாறுவது நோக்கும் இடம், வேறுபடுவது வேகம். ஆகவே ‘விரைமாற்று’, ‘மெதுமாற்று’. கிளைச்சொல்லும் தடையில்லாமல் வரும்: ‘விரைமாற்றுக் கோணம் 10 விகலை’ (ஒரு விகலை பாகையில் 3600-இல் ஒரு பங்கு).

மார்த்தாண்டத்திலிருந்து:
விரைமாற்றுக்கு என் ஆதரவு. ஆனால் ‘வெற்று வானம்’ என்பதை மாற்றியே ஆக வேண்டும். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் போல விரிந்த பொருளில் கோணம் போதாவிட்டால், அந்த இடத்திலும் நெபுலாவே இருக்கும். கழித்தால் உள்ள ஒளியும் போய், படத்தில் பொய்யான கருந்திட்டு விழும். துணையாடி சாயும் அளவுக்கு எல்லை உண்டு, விரும்பியபடி கோணத்தைக் கூட்டவும் முடியாது. வெற்று என்ற சொல்லே மாணவரை அந்தச் சோதனையைச் செய்யவிடாது. ‘ஒப்புவானம்’ என்போம்.

நாகர்கோவிலிலிருந்து:
மூன்றையும் ஏற்கிறேன். ஒப்புவானம் மிக அருமை. கூடவே ஒன்று: 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு விரைமாற்று தேவையில்லை. மேலே வளிமண்டலம் கிடையாது, அதன் முதன்மை ஆடியும் ஏறத்தாழ 35 முதல் 55 கெல்வின் வரையிலான கடுங்குளிரில் இருக்கிறது. அங்கே பழுதான படப்புள்ளிகளைச் சரிக்கட்டச் சிறுசிறு நகர்வுகளில் பதிகிறார்களே, டிதரிங், அதை மெதுமாற்றில் சேர்க்க முடியாது. ‘சிறுபெயர்ப்பு’ போடலாமா?