எண்ணெய் இல்லாத மாதங்களில் பழகிய கூத்து

2022 நடுப்பகுதியில், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு இருந்த நேரம், யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊர்களான குருநகர், பாசையூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்காகக் கான்கள் விடியவிடிய வரிசையில் கிடக்கும், என்ஜின் பூட்டிய படகுகள் கரையில் கிடக்கும். ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. கடலுக்குப் போய் வந்தால் எண்ணெய்க் காசுகூடத் தேறாது என்று பலர் போகவே இல்லை.

அந்த நேரத்தில்தான் தெரிந்த ஒருவர் கூப்பிட்டு, கூத்துப் பழகும் ஒரு வளவுக்குப் போனேன். கரண்ட் இல்லை. ஒரு பெடியன் பாட்டு எழுதிய தடித்த கொப்பியைப் போன் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பாட, கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் கொப்பி பக்கம் திரும்பாமலே, அவன் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் மத்தளத்தை நிறுத்திவிட்டு அந்த வரியை முதலில் இருந்து தானே பாடிக் காட்டுவார், அவனுக்குப் பிடிபடும்வரை. அவரும் கடல் தொழிலுக்குப் போகிற மனுசன்தான். இடையில் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ், தந்தார்கள். நண்டும் இல்லை, றாலும் இல்லை, மரவள்ளியும் பலாக்கொட்டையும் கொஞ்சம் நெத்தலியும். கடற்கரையில் இருந்துகொண்டு அப்படிக் கூழ் காய்ச்ச வேண்டிய நிலைமை!

“இந்தக் கஷ்டத்துக்குள்ளயும் பழக்கிறீங்களே அண்ணை” என்றேன்.

“எண்ணெய் வந்தா எல்லாரும் கடலில நிப்பாங்கள் தம்பி, ஒருத்தரையும் பிடிக்கேலாது. இப்பதான் பெடியள் ஊரில நிக்கிறாங்கள், இதுக்குள்ள பழக்கிப் போடோணும்.”

அந்தப் பதிலுக்குப் பிறகு, ‘ஏழைகள் என்றாலும் பண்பாட்டில் செல்வந்தர்கள்’ என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் மெய்சிலிர்த்துச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வறுமை அந்தக் கூத்தை வளர்க்கவில்லை. பூந்தான் யோசேப்பு போன்ற கூத்துக் கலைஞர்கள் பாடிப் பாடி நிலைநிறுத்திய கலை இது, யாழ்ப்பாணத்துக் கலை அமைப்பான திருமறைக் கலாமன்றம் 1965இல் இருந்து மேடை கொடுத்து வந்திருக்கிறது, ஊர்ச் சனம் கோயில் திருநாளுக்குக் காசு சேர்த்து ஆடியிருக்கிறது. உழைப்பு இருந்த காலத்தில் விடியும்வரை ஆடிய கூத்தை இப்போது ஒரு மணித்தியாலத்துக்குச் சுருக்கித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள்.

விழா வைக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பேசிய காசைக் கொடுக்கிறீர்கள், பந்தலுக்கும் கொடுக்கிறீர்கள். அண்ணாவியாருக்கு மட்டும் ஏன் பொன்னாடை? மாதக்கணக்கில் பழக்கியதற்குக் கூலியைப் பேசி, முதலே கையில் கொடுங்கள். மத்தளக்காரருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.