கறுப்பு நிலா முக எமோஜி அனுப்பினால் என்ன அர்த்தம்?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
உறவுகளே, ஒரு விளக்கம் வேணும். மகள் கனடாவில. அம்மியில அரைச்ச மாங்காய்ச் சம்பலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில போட்டன். அவள் ஒரு எழுத்தும் எழுதேல்லை. மூக்கும் சிரிப்பும் வைச்ச கறுத்த நிலா ஒண்டை மட்டும் அனுப்பினவள். எங்கட வீட்டில மூத்தவன் தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறவன். கறுத்த நிலாவைக் கண்டதும் நெஞ்சு திக்கெண்டது. இரவு நித்திரையே இல்லை. பிள்ளைக்கு ஏதும் மனக்குறையோ?

பதில் (கிளிநொச்சி):
பயப்பிடாதேங்கோ அக்கா. 2010 இல யூனிகோட் 6.0 இல (எல்லாப் போனிலயும் எழுத்துக்கும் எமோஜிக்கும் இருக்கிற பொது நியமம்) நிலாவின்ர எட்டுக் கட்டங்களும் முகம் வைச்ச நிலாக்களும் சேர்ந்துதான் வந்தது. மகள் அனுப்பினது அமாவாசை நிலாதான். ஆனால் பிள்ளையள் அதைக் கள்ளச் சிரிப்புக்குத்தான் பாவிக்கிறவை. மனசுக்க ஒண்டை ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்ட மாதிரி.

பதில் (முல்லைத்தீவு):
வெறும் பிறை வந்தால் அனேகமாக இரவு வணக்கம். ஐபோனில தொந்தரவு செய்ய வேண்டாம் எண்ட குறியும் பிறைதான். எங்கட வேலையிடத்தில முழுநிலா போட்டால் நாளைக்குப் போயா (பௌர்ணமி) லீவு. ஒண்டுதான் எனக்கு மனசுக்கு ஒட்டேல்லை: போனில வளர்பிறை வலப்பக்கமாய் நிமிர்ந்து நிக்குது. தை, மாசியில முள்ளிவாய்க்கால் கரையில நிண்டு நந்திக்கடலுக்கு மேல பாருங்கோ, மூண்டாம் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். எங்கட வானத்துப் பிறை அதுதான்.

கேட்டவர்:
நன்றி தம்பிமார். இப்பதான் அவளோட கதைச்சனான். மார்கழியில வாறாளாம், டிக்கெட்டும் போட்டிட்டாளாம். அந்த நேரம் மாங்காய் இராது. இப்பவே ஊறுகாய் போட்டு வைக்கிறன்.