மறு: 'இடைநிலைக் காலம்' என்பதற்கு மாற்றாக 'இடையீட்டுக் காலம்'

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். எகிப்திய வரலாற்றில் ஒருங்கிணைந்த ஆட்சி அறுபட்ட மூன்று காலங்களை ஆங்கிலத்தில் 'Intermediate Period' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எச்சொல் பொருந்தும் என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி. அவற்றில் முதலாவதைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கி.மு. 2181 முதல் 2055 வரையிலான எகிப்திய வரலாற்றை 'வீழ்ச்சிக் காலம்' என்றே எழுதிவிடலாமே. மாணவருக்கு உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். விழுந்தது, தலைநகர் மெம்பிசிலிருந்து நாடு முழுவதையும் ஆண்ட ஒற்றை ஆட்சி மட்டுமே. அந்த ஆட்சியின் எழுச்சி கல்லிலேயே தெரிகிறது: சக்காராவில் அரசர் சோசர் எழுப்பிய படிப் பிரமிடுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், சுமார் 146 மீட்டர் உயரத்தில் கூஃபுவின் பிரமிடு கீசாவில் எழுந்துவிட்டது.

ஆட்சி தளர்ந்த விதத்தை இரண்டு கல்லறைகள் காட்டுகின்றன. சிறுவனாக அரியணையேறிய இரண்டாம் பெப்பி, தெற்கிலிருந்து நடனமாடும் குள்ளன் ஒருவனை அழைத்துவந்துகொண்டிருந்த ஹர்குஃபு என்னும் அதிகாரிக்கு, அவன் நீரில் விழுந்துவிடாதபடி படகின் இருபுறமும் ஆள் நிறுத்துமாறும், இரவில் பத்துமுறை சென்று பார்க்குமாறும் கடிதம் எழுதினான். அசுவானிலுள்ள தன் கல்லறை முகப்பில் ஹர்குஃபு அக்கடிதம் முழுவதையும் வெட்டிவைத்தார். அரசனிடமிருந்து கடிதம் வந்ததே அவருக்கு வாழ்நாள் பெருமை. பின்னர் மோஅல்லாவில் கல்லறை கட்டிய அங்க்டிஃபி என்னும் மாகாணத் தலைவரோ, பஞ்சத்தில் ஊரார் பசியைத் தீர்த்தவன் தானே என்றும், தனக்கு நிகர் எவருமில்லை என்றும் பொறிக்கிறார். அரசனுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதும், கோயில்களுக்கு வரிவிலக்கு வழங்கப்பட்டதும், நைல் வெள்ளம் குறைந்ததும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆயினும் அரசவை மெலிந்த அதே வேளையில் மாகாணத்தார் பலரின் கல்லறைகளில் பொருள்கள் கூடின என்பதால், 'வீழ்ச்சி' என்பது மெம்பிசில் நின்று பார்ப்பவரின் சொல்லாகிவிடுகிறது. 'இருண்ட காலம்' என்பதும் வேண்டாம். களப்பிரர் காலத்துக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டு இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'இடைக்காலம்' ஐரோப்பிய வரலாற்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. நீதிமன்றத்தில் 'இடைக்காலத் தடை' வேறு இருக்கிறது. இப்போது வழங்கும் 'இடைநிலை' ஒரு படிநிலையைக் குறிப்பதுபோல் ஒலிப்பதோடு, எகிப்திய வரலாற்றில் அடுத்து வரும் காலமான 'மத்திய இராச்சியம்' என்பதன் அருகில் நிற்கும்போது எது எதற்கு இடையில் என்ற குழப்பத்தையும் தருகிறது.

ஆகவே 'முதல் இடையீட்டுக் காலம்' என்பதை முன்மொழிகிறேன். 'இடையீடின்றி' என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். தொடர்ந்த ஒன்று நடுவில் அறுபட்டது என்னும் பொருள் அதிலேயே இருக்கிறது. குறுக்கிடுவதற்குத் 'தலையீடு' இருப்பதால் மயக்கம் குறைவு. அறுபட்டது ஒருங்கிணைந்த ஆட்சி. ஹெராக்லியோபொலிஸ், தீப்ஸ் என்னும் இரு நகரங்களின் அரசர்கள் போட்டியிட்டு, இறுதியில் தீப்சின் இரண்டாம் மென்டுஹோத்தெப் நாட்டை மீண்டும் ஒன்றாக்கினார். அவாரிஸ் நகரில் அயல்மரபினரான ஹிக்சோசும் தீப்சில் எகிப்திய மரபும் ஆண்ட இரண்டாவது காலத்துக்கும் இச்சொல் ஒத்துவருகிறது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் நீண்ட மூன்றாவது காலத்தை 'இடையீடு' என்பது சற்று இழுப்புதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றுக்கும் ஒரே சொல் இருந்தாக வேண்டும்.

மறுப்பு இருப்பின் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். 'இராச்சியம்' என்பதை 'அரசு' ஆக்கலாமா என்ற கேள்வியைத் தனி இழையில் பேசிக்கொள்ளலாம்.