.45-70 தோட்டா: வேகம் குறைந்தால் அழுத்தமும் குறைந்திருக்குமா?

கேள்வி (நாகர்கோவில்):
அமெரிக்காவின் மொன்டானாவில் வாழும் என் மருமகன் .45-70 தோட்டாக்களுக்குத் தாமே வெடிமருந்து நிரப்பி, 18.5 அங்குலக் குழலுள்ள, நெம்புகோலால் அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைபிளில் சுடுகிறார். மருந்தளவு சொல்லும் கையேட்டிலுள்ள குண்டு வேகம் 24 அங்குலக் குழலில் அளந்தது. அவருடைய வேகம் அளக்கும் கருவியான குரோனோகிராஃப் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. வேகம் குறைந்ததால், மருந்து எரியும்போது எழும் வாயு அழுத்தமும் குறைந்திருக்கும், மருந்தைச் சற்றுக் கூட்டலாம் என்கிறார். அதே கையேட்டில், ஒரே எடையுள்ள குண்டுக்கு, அழுத்தம் குறைந்த மருந்தே அதிக வேகம் தருவதைக் கண்டதால் அதை ஏற்க எனக்கு மனமில்லை, மறுக்கவும் தெரியவில்லை. (நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், எனக்கு இது காகிதக் கணக்கு மட்டுமே.)

பதில் (மார்த்தாண்டம்):
அண்ணாச்சி, வேகத்தைத் தீர்மானிப்பது உச்ச அழுத்தம் அன்று. குண்டு குழலைக் கடக்கும் தொலைவு முழுவதும் அழுத்தம் செய்யும் வேலை. 405 கிரெயின் (26.2 கிராம்) குண்டு வினாடிக்கு 1,330 அடி, அதாவது 405 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,150 ஜூல். குழலின் குறுக்குப்பரப்பை 1.06 சதுர செ.மீ. என்றும் குண்டின் பாதையை 55 செ.மீ. என்றும் கொண்டு, உராய்வை விட்டுவிட்டால், சராசரி அழுத்தம் சுமார் 37 மெகாபாஸ்கல்தான் வருகிறது. அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பான 'சாமி' வகுத்த உச்ச வரம்போ 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), அதாவது 193 மெகாபாஸ்கல். மெதுவாக எரியும் மருந்தின் உச்சம் தாழ்ந்திருந்தாலும், பின்பாதியில் அழுத்தம் எளிதில் விழாததால் மொத்த வேலை கூடிவிடுகிறது. குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் உச்சம் வந்து போய்விடுவதால், குட்டைக் குழலிலும் உச்சம் அதேதான். இழப்பது கடைசித் தள்ளலை மட்டுமே. அதை மருந்தால் ஈடுசெய்ய முயன்றால் உச்சம் வரம்பைத் தாண்டும்.

பதில் (தக்கலை):
அளவையையும் பாருங்கள். செப்பு உருளை நசுங்குவதை வைத்து அளக்கும் 'கப்' முறையும், அழுத்தத்தை மின்குறியாக்கும் பீசோ உணரி தரும் பிஎஸ்ஐயும் ஒன்றல்ல. .30-30 தோட்டாவின் வரம்பு 38,000 கப், 42,000 பிஎஸ்ஐ; .45-70க்கோ இரண்டிலும் 28,000. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சூத்திரத்தை நம்பக் கூடாது. கையேடுகள் .45-70க்குப் பின்மூடியைத் தூக்கித் தோட்டா இடும் பழைய டிராப்டோர், லீவர் ஆக்‌ஷன், வலுவான ஒற்றைத் தோட்டா ரைபிள் எனத் தனித்தனிப் பட்டியல்கள் தருவதால், எந்தப் பட்டியல் என்பதும் முக்கியம். .45-70 தோட்டாவின் அடிப்பகுதி விட்டம் 0.505 அங்குலம், .30-30க்கு 0.422, பரப்பு 43 சதவீதம் கூடுதலாதலால், ஒரே அழுத்தத்திலும் குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மீதான உந்தல் அந்த அளவுக்கு ஏறும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்; இத்தகைய ரைபிளில் அந்த அறிகுறி தென்படும்போது வரம்பு எப்போதோ கடந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவர் பார்ப்பது லீவர் ஆக்‌ஷன் பட்டியல், அழுத்தம் கப் அளவையில். ஒன்று மட்டும்: குண்டைத் தோட்டாவின் உறையான கேஸுக்குள் ஆழமாகச் செருகினால்?

பதில் (மார்த்தாண்டம்):
மருந்து எரிய உள்ளிடம் குறைவதால் உச்சம் உயரும். கையேடு சொல்லும் தோட்டாவின் மொத்த நீளத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.