சிட்னி தண்டனைக் குடியேற்றத்தில் ஆளுநரின் அதிகாரத்துக்கு எல்லை இருந்ததா?

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். 1788-இல் இன்றைய ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில், கைதிகளை அனுப்பிக் குடியமர்த்தப் பிரிட்டன் அமைத்த தண்டனைக் குடியேற்றத்தின் முதல் இருபது ஆண்டுகளைப் பற்றிப் படித்து வருகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் நியமன ஆணை கூடியிருந்தோர் முன் வாசிக்கப்பட்டது. நிலம் வழங்குவது முதல் தண்டனையைக் குறைப்பது வரை ஏறத்தாழ எல்லாம் ஒரே மனிதரின் கையில் இருந்தன. உடன் ஆளச் சட்டமன்றம் இல்லை. லண்டனுக்கு எழுதிப் பதில் பெறுவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும். அப்படியானால் அவரைக் கட்டுப்படுத்தியது எது? சிறைச்சுவரே இல்லாத இடத்தில் கைதிகள் எதற்குக் கட்டுப்பட்டார்கள்?

முதல் பதில்:
இரண்டு கேள்விகளுக்கும் விடை அரசுக் களஞ்சியத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கைதிகளில் பெரும்பாலோர் அடைத்துவைக்கப்படவில்லை. பகலில் அரசு வேலையைச் செய்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தமக்காக உழைத்து, தாமே தேடிக்கொண்ட குடிசைகளில் உறங்கினார்கள். சிட்னியில் ஆண் கைதிகளுக்கென ஹைட் பார்க் குடியிருப்பு திறக்கப்பட்டதே 1819-இல்தான். ஆனால் வாரந்தோறும் மாவும் உப்பிட்ட இறைச்சியும் அளந்து கொடுத்த இடம் ஒன்றே ஒன்று. காட்டுக்குள் ஓடியவர் பசியால் திரும்பி வந்தார், அல்லது வராமலே போனார்.

அதனால்தான் உணவைத் திருடுவது அங்கே அரசையே தாக்குவதாகக் கருதப்பட்டது. வந்திறங்கி ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், 1788 பிப்ரவரி 27 அன்று, களஞ்சியத்தில் திருடியதற்காகத் தாமஸ் பாரெட் என்ற கைதி தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் களஞ்சியப் பூட்டுக்குள் ஒடிந்த சாவித்துண்டு ஒன்று சிக்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்தபோது, காவல் காக்க வேண்டிய மரைன் வீரர்களே கள்ளச்சாவி செய்து நெடுநாள் திருடியது வெளிப்பட்டது. அவர்களில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைதிக்கு ஒரு நீதி, காவலனுக்கு வேறொரு நீதி என்று அந்தக் குற்றத்தில் பிலிப் பார்க்கவில்லை.

1790 மார்ச்சில், வெளியிலிருந்து உணவு கொண்டுவர நம்பியிருந்த சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவருகே உடைந்து போனதும் பங்கீடு வாரத்துக்கு இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் பன்றியிறைச்சி, இரண்டு ராத்தல் அரிசி என்று சுருங்கியது. அதே அளவைத்தான் ஆளுநரும் பெற்றார். தமக்கெனச் சேர்த்து வைத்திருந்த மாவையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டார். அவர்மீது நான் கொண்டிருக்கும் மதிப்பு பெரும்பாலும் இந்தச் செயலால் வந்தது.

இரண்டாம் பதில்:
களஞ்சியத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சட்டத்தை ஒதுக்கிவிடக் கூடாது. குற்றவியல் நீதிமன்றம் என்பது நீதிபதியாகச் செயல்பட்ட ஜட்ஜ் அட்வகேட்டும் ஆறு படை அதிகாரிகளும் அமர்ந்த அவை. அதில் இராணுவத்தின் சாயல் மிகுதி. உரிமையியல் நீதிமன்றமோ எதிர்பாராத வழியில் நடந்தது. ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ் என்ற கைதித் தம்பதியருக்காக இங்கிலாந்தில் நன்கொடை திரட்டி வாங்கித் தந்த உடைமைகள் கப்பலில் காணாமல் போயின. இங்கிலாந்துச் சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றத்தில் தீர்ப்புப் பெற்றவர் வழக்குத் தொடரவே முடியாது. இருந்தும் 1788 ஜூலையில் அவர்கள் அலெக்சாண்டர் கப்பலின் தலைவர் டங்கன் சின்க்ளேர்மீது தொடுத்த வழக்கு ஏற்கப்பட்டு, 15 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது. குடியேற்றத்தின் முதல் உரிமையியல் வழக்கில் வென்றவர்கள் கைதிகள் என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறைவதில்லை. மறு ஆண்டு இரவுக் காவலுக்கு அமர்த்தப்பட்ட பன்னிரண்டு பேரும் கைதிகளே. அவர்கள் ஒரு படைவீரரைத் தடுத்து நிறுத்தியதைப் படைத்தலைவர் ராபர்ட் ராஸ் பெரும் அவமதிப்பாகக் கருத, பிலிப் அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆளுநருக்கு இருந்த உண்மையான எல்லை ஆயுதம் தாங்கியவர்களின் மனநிலைதான் என்பதை இதிலேயே காணலாம்.

மூன்றாம் பதில்:
அந்த எல்லை பிலிப் 1792 டிசம்பரில் புறப்பட்ட பிறகு முழுமையாகத் தெரிந்தது. பொறுப்பேற்ற பிரான்சிஸ் குரோஸ், நியூ சவுத் வேல்ஸ் படையின் அதிகாரிகளுக்கு நிலத்தையும், உழுவதற்குக் கைதிகளையும் வழங்கினார். அந்தக் கைதிகளுக்கு உணவோ அரசுக் களஞ்சியத்திலிருந்து போயிற்று. நாணயம் அரிதான ஊரில் சாராயமே கூலியாகவும் விலையாகவும் மாறியது. அதைப் பண்டமாற்றுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்த ஆளுநர் வில்லியம் பிளையை, முன்னாள் படை அதிகாரியும் பெருநில உடைமையாளருமான ஜான் மக்கார்தரின் வழக்கில் மூண்ட மோதலைத் தொடர்ந்து, 1808 ஜனவரி 26 அன்று மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் படையுடன் சென்று கைது செய்தார். ரம் கிளர்ச்சி என்பது பிற்காலத்தார் சூட்டிய பெயர். சாராயம் ஒன்றே காரணம் என்று அதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். நிலமும் தனிப்பட்ட பகையும் அதே அளவுக்கு இருந்தன. ஜான்ஸ்டனை இங்கிலாந்தில் விசாரித்த இராணுவ நீதிமன்றம் 1811-இல் அவரைப் பதவி நீக்கியதோடு நிறுத்திக்கொண்டது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னொன்று கேட்கிறேன். கைதிக்குக்கூடத் திறந்த அந்த நீதிமன்றம், அந்த மண்ணுக்கு உரிய இயோரா மக்களுக்கு எதையாவது தந்ததா?

முதல் பதிலை எழுதியவர்:
பூர்வகுடியினரிடம் நட்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்றும், அவர்களைக் கொல்வோரைத் தண்டிக்க வேண்டும் என்றும் பிலிப்புக்கு அறிவுரை இருந்தது. ஆனால் நிலத்துக்காக அவர்களுடன் எந்த உடன்படிக்கையும் செய்யப்படவில்லை. 1789 ஏப்ரலில் பரவிய பெரியம்மை துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்தோரில் பெரும் பகுதியினரைக் கொன்றது. 1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டையாளர் மெக்கின்டயரைப் பெமுல்வுய் என்ற பூர்வகுடி வீரர் ஈட்டியால் குத்தியபோது விசாரணை ஏதும் நடக்கவில்லை. பத்துப் பேரின் தலையைக் கொண்டுவருமாறு முதலில் ஆணையிட்ட பிலிப், பின்னர் எண்ணிக்கையை ஆறாகக் குறைத்தார். அதற்காகப் புறப்பட்ட மரைன் அதிகாரி வாட்கின் டென்ச்சின் படை ஒருவரையும் பிடிக்க முடியாமல் வெறுங்கையுடன் திரும்பியது.